கம்பெனிக்குக் கேட்ட ஜெபம்

விக்கிரவாண்டி,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

அன்புத் தம்பி சகாய பிரவீனுக்கு,

ஆண்டவர் உன்னைப் பெங்களூரில் பத்திரமாக வைத்திருக்கட்டும். உன் அக்கா லூர்துசெல்வி எழுதுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. உன் மாமா லோடு வண்டிக்குப் புது டயர் போட்டார், அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறார். பாப்பா காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் குறைந்துவிட்டாள், கேட்டால் டீச்சரைக் குறை சொல்கிறாள். மற்றபடி எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகமாக இல்லை. காய்ச்சலோ என்று பயப்படாதே. கோபம். ஒரு மாதமாக இறங்காத கோபம்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன வியாழக்கிழமை போனில்தான் ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் நீ சிரித்தாய். "அக்கா, அதெல்லாம் நார்மல். நீங்கல்லாம் சம்மதம் குடுத்துட்டுத்தான உள்ள வந்தீங்க" என்றாய். பிறகு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உனக்கு மனம் வராது என்று நம்புகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் போனில் எதைத் தட்டவும் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தைக் கொடுத்தது நீ வேலை செய்கிற கம்பெனி. அதனால் நீதான் இதைக் கடைசி வரை படிக்க வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் மழைக்காலத்தில் திண்டிவனத்தில் எங்கள் ஷூ கம்பெனியில் உங்கள் ஆப்பைக் கொண்டுவந்தார்கள். ஷிப்ட், லீவு, பஸ் வரும் நேரம், கேண்டீன் சாப்பாடு, சூப்பர்வைசர் திட்டுவது, எல்லாம் அதில்தான். அது போனில் இல்லாவிட்டால் அன்றைக்கு ஆஜர் இல்லை. போன் எங்களுடையது, ரீசார்ஜ் எங்களுடையது, ஆனால் ஆப் கம்பெனியுடையது. ஆபீஸ் பெண் ஒருத்தி காலையில் விக்கிரவாண்டியில் எங்கள் பஸ்ஸில் ஏறி, கூட்டேரிப்பட்டு வருவதற்குள் அத்தனை பேருக்கும் போட்டு முடித்துவிட்டாள். திரையில் இங்கிலீஷில் நீளமாக ஏதோ ஓடியது. இது என்ன என்று கேட்டதற்கு, "அதெல்லாம் படிச்சிகினு இருக்காதீங்கக்கா, கீழ போயி அமுக்குங்க, ஜல்தி" என்றாள். போனில் உள்ள நம்பர்களைப் பார்க்கட்டுமா என்றது, அமுக்கினோம். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று பார்க்கட்டுமா என்றது, அமுக்கினோம். போட்டோ, மைக், எல்லாவற்றுக்கும் அமுக்கினோம். அமுக்காதவள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதற்குப் பெயர் சம்மதமா தம்பி? எனக்கும் உன் மாமாவுக்கும் கல்யாணம் நடந்தபோது மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்தார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று ஊருக்கே கேட்க வாசித்தார்கள். அதற்குப் பிறகும் பீடத்தின் முன்னால் ஃபாதர் என்னைத் தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டார். யாருடைய கட்டாயமும் இல்லாமல், முழு மனதோடு வந்திருக்கிறாயா என்று தமிழில் கேட்டார். நான் வாயைத் திறந்து பதில் சொல்லும்வரை காத்திருந்தார். நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அப்படியே திரும்பி வந்திருக்கலாம். அதற்குப் பெயர்தான் சம்மதம் என்று எனக்குத் தெரியும். ஓடுகிற பஸ்ஸில் ஜல்தி ஜல்தி என்று விரட்டி வாங்கியதற்கு வேறு பெயர் வை.

அன்றைக்கு எனக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையின் அடியில் உங்கள் கம்பெனி பெயர் இருந்தது. அதற்கு முந்தின கிறிஸ்துமசுக்கு நீ கொண்டுவந்த டி-ஷர்ட்டில் இருந்த அதே பெயர். எனக்கு அப்படி ஒரு பெருமை. கண் பட்டுவிடும் என்று யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நம் பிள்ளை செய்த சாமான் நம் கைக்கே வந்திருக்கிறது என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

அந்த ஆப்பில்தான் நாங்கள் மூன்று மணி ஜெபக் குழுவை ஆரம்பித்தோம். தலையில் அடித்துக்கொள்ளாதே, கேள். வாட்ஸ்அப் குழு என்றால் ஒருத்தியின் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எங்கள் லைனில் பாதிப் பேர் வீட்டில் அதற்கே சண்டை. இது யார் நம்பர், எதற்கு இத்தனை பேர் என்று புருஷன் கேட்பான், மாமியார் கேட்பாள். உங்கள் ஆப்பில் நம்பர் தெரியாது, பெயர் மட்டும்தான் வரும். குழுவின் பக்கத்தில் குட்டியாக ஒரு பூட்டுப் படம் வேறு போட்டு, பிரைவேட் என்று எழுதியிருந்தீர்கள். பூட்டைப் பார்த்து நம்பிவிட்டோம். வீட்டுக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்ததை மொத்தமாகக் கொண்டுபோய் முதலாளி மடியில் கொட்டுகிறோம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு எங்களுக்கு டீ நேரம். கம்பெனிக்குள் கூட்டமாக நின்று ஜெபிக்க அனுமதி இல்லை. அதனால் அடுத்த லைனில் தைக்கும் டயானா அன்றைய ஜெபக் கருத்துகளைக் குழுவில் போடுவாள். அவரவர் மிஷின் பக்கத்தில் நின்று படித்துவிட்டு மனதுக்குள் இறை இரக்க ஜெபம் சொல்வோம். டயானா இதில் கண்டிப்பானவள். குடும்பக் கஷ்டம் தீர வேண்டும் என்று பொத்தாம் பொதுவாகப் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். "ஆண்டவருக்கு அட்ரஸ் சொல்ல வேணாமா? பேரு இன்னா, ஊரு இன்னா, பிரச்சனை இன்னா, எல்லாத்தையும் தெளிவா போடுங்கடி" என்பாள். தெளிவாகப் போட்டோம். ஒருத்திக்கு மார்பில் கட்டி. ஒருத்தியின் மகன் அடிதடி வழக்கில் மாட்டிக்கொண்டான். ஒருத்தி வேறு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். டயானா தன் புருஷன் குடியை விட வேண்டும் என்று அவன் பெயரோடு போட்டாள்.

டயானா அப்படிப் போட்ட மறுவாரம் அவளுக்கு ஒரு போன் வந்தது. புதுச்சேரிப் பக்கம் இருக்கும் ஏதோ குடி மறுவாழ்வு மையமாம். உங்கள் வீட்டில் யாராவது குடிப்பழக்கத்தில் இருந்தால் அழைத்து வாருங்கள், கம்பெனிக்காரர்களுக்குச் சலுகை உண்டு என்றார்களாம். அவள் அழுதேவிட்டாள். ஜெபம் கேட்கப்பட்டது என்று, எங்கள் தெருக் குடும்பங்கள் ஜெபத்துக்குக் கூடும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். நாங்களும் கை தட்டினோம். அதற்குப் பிறகு குழுவில் சேராதவர்களே இல்லை என்று ஆனது, இந்துப் பெண்களும் சேர்ந்தார்கள். டயானாவின் நம்பர் அந்த மையத்துக்கு எப்படிக் கிடைத்தது என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. ஆண்டவர் கொடுத்தார் என்றால் எப்படிக் கொடுத்தார் என்று யார் கேட்பார்கள்?

அப்படிச் சேர்ந்தவள்தான் கலையரசி. உனக்கு அவளைத் தெரியாது. என் லைனில் தைக்கிறவள். திருவெண்ணெய்நல்லூரில் பிறந்து இங்கே நம் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறான். கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. பௌர்ணமிக்குத் திருவக்கரை போய் வக்கிரகாளியம்மன் முன்னால் நிற்பாள், மூன்று மணிக்கு எங்களோடு சேர்ந்து இயேசுவையும் கூப்பிடுவாள். "எந்த சாமி காதுல முதல்ல உழுதோ உழட்டும்க்கா" என்பாள். பஸ்ஸில் எப்போதும் என் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள்.

ஆடி மாதக் கடைசியில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. முன்னே ஒரு தடவை தங்கி, ஊருக்கெல்லாம் சொல்லி, இரண்டாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அதனால் இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை மாமியாரிடம்கூடச் சொல்வதில்லை என்று உறுதியாக இருந்தாள். புருஷனுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஜெபம் வேண்டுமே. டயானா சொல்லிக்கொடுத்தபடி பெயர் போட்டு, எத்தனையாவது வாரம் என்று போட்டு, இந்தக் கரு நிற்க வேண்டும் என்று குழுவில் எழுதினாள். அன்று மூன்று மணிக்கு நான் டீயைக்கூடக் குடிக்காமல் அவளுக்காக வேண்டினேன்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. எச்.ஆர். வேங்கடேசன் அவளைக் கூப்பிட்டு, அவளுடைய காண்ட்ராக்ட் மாதக் கடைசியோடு முடிகிறது, வேலை திருப்தி இல்லை, புதுப்பிக்கப் போவதில்லை என்று சொன்னார். அவள் தைத்த ஜோடிகளைச் சோதித்துப் பார்ப்பவள் நான். கலையரசி தைத்ததில் திரும்பிப் போனது குறைவு என்று எந்த சபையிலும் சொல்வேன். அதை விடு. அவள் எழுந்து வரும்போது அவர் அன்பாகச் சொன்னாராம்: "இந்த நேரத்துல நின்னுகினு வேலை செய்யக் கூடாதும்மா. வூட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க." வேலை போனதைவிட இதுதான் அவளைக் கலக்கிவிட்டது. பெற்ற அம்மாவுக்கே தெரியாத விஷயம் இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

குழுவில் இருந்த யாரோதான் சொல்லியிருக்க வேண்டும். அப்படித்தானே யோசிப்பார்கள்? தினமும் செக்கிங் ரிப்போர்ட் கொடுக்க ஆபீஸ் பக்கம் போய் வருகிறவள் நான் ஒருத்திதான். அது போதுமாக இருந்தது. நான் கேண்டீனில் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. மூன்று மணிக் குழுவில் யாரும் எதுவும் போடவில்லை. கலையரசி பஸ்ஸில் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். ஒருநாள் இறங்கும்போது அவள் கையைப் பிடித்தேன். "உங்கள எங்கூடப் பொறந்தவங்க மாதிரி நெனச்சுகினு இருந்தேன்க்கா" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து நான் அழுதது உன் மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். செய்யாத குற்றத்துக்கு, கோள்சொல்லி என்ற பெயரை ஒரு மாதம் சுமந்தேன் தம்பி. நியாயமாக அந்தப் பெயர் உங்கள் ஆப்புக்குப் போக வேண்டியது.

எனக்குச் சந்தேகம் வந்தது உன்னால்தான். ஈஸ்டருக்கு வந்தபோது நீ சாப்பிட்டுக்கொண்டே உன் மாமாவிடம் பெருமையாகச் சொன்னாய். "ஆயிரம் பேரு மெசேஜ் போட்டாலும் யாரு சந்தோஷமா இருக்காங்க, யாரு வேலைய உடப் போறாங்க, யாருக்கு வூட்ல பிரச்சனைன்னு மெஷினே படிச்சி சொல்லிடும் மாமா. அந்த டீம்ல நான்தான் லீடு" என்றாய். அம்மா உன் தட்டில் இன்னும் இரண்டு துண்டு கோழி வைத்தார். எனக்கும் அன்று அது ஏதோ வித்தை மாதிரிதான் இருந்தது. இப்போது அதை நினைத்ததும், அந்த மெஷின் எங்கள் ஜெபத்தையும் படித்திருக்குமோ என்று பட்டது.

டயானா ஒருத்திதான் என்னை நம்பினாள். அவளும் நானும் மட்டும் இருக்கிற மாதிரி உங்கள் ஆப்பில் தனியாக ஒரு குழு ஆரம்பித்தோம். அதே பூட்டு. அதில் நான் ஒரு ஜெபக் கருத்து போட்டேன்: ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது, வேலை கிடைக்க வேண்டிக்கொள். சுத்தப் பொய். ஒரகடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த வாரமே ரிப்போர்ட் கொடுக்கப் போன என்னை வேங்கடேசன் நிறுத்தினார். "இன்னாம்மா, நம்ம கம்பெனி புடிக்கலியா? ஒரகடம் ரொம்ப தூரமாச்சே" என்று சிரித்தார். யார் சொன்னது சார் என்றேன். காற்றுவாக்கில் வந்தது என்றார். தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாமல் இருக்க முடியாத மனிதர், அது எங்கள் நல்ல காலம்.

அன்று சாயங்காலம் டயானா பஸ்ஸில் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னாள். கலையரசி பின் சீட்டிலிருந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தனை பேரும் அவரவர் போட்ட ஜெபக் கருத்துகளை நினைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மார்பில் கட்டி உள்ளவள், இன்னும் பரிசோதனை முடிவே வரவில்லையே, அதற்குள் எனக்கும் சீட்டுக் கிழித்துவிடுவார்களா என்று கேட்டாள். டயானா, "நான் சாட்சியெல்லாம் சொன்னனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை அந்த அளவுக்குக் கேலிப்பொருளாக்க யார் உங்களுக்கு உரிமை கொடுத்தது?

ஜெபத்தில் பொய் சொன்னதற்காகப் போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் நடந்ததைக் கேட்டுவிட்டு ஜெபமாலை எடுத்து ஐம்பத்து மூன்று மணி ஜெபம் ஒரு தடவை சொல்லச் சொன்னார். எழுந்திருக்கும் முன் கேட்டேன், நான் இங்கே சொன்னது வெளியே போகுமா ஃபாதர் என்று. கழுத்தில் கத்தி வைத்தாலும் போகாதும்மா என்றார். அவரும் படித்தவர்தான். என் பாவத்தைச் சுருக்கி எழுதி யாருக்கும் அனுப்பவில்லை.

போனில் நீ சொன்னதையெல்லாம் நான் மறக்கவில்லை. யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை, மெஷின்தான் படிக்கிறது என்றாய். சரி, படித்தது மெஷின். கலையரசியை வெளியே அனுப்பியதும் மெஷினா? நான் குழுவை அழித்துவிட்டேன் என்று சொன்னதற்கு, நீ அழித்தாலும் எங்கள் சர்வரில் இருக்கும் என்றாய். எதற்கு இருக்க வேண்டும்? அது எங்கள் வீட்டு அழுகை, உங்களுக்கு எதற்கு? வெளிக் கம்பெனிகளுக்குக் கொடுத்தாலும் பெயர் இல்லாமல்தான் கொடுப்போம் என்றாய். பெயர் இல்லாமல் டயானாவுக்கு எப்படிப் போன் வந்தது? நீ படித்த படிப்பில் இதற்குப் பதில் இருந்தால் எழுது, நான் படிக்கிறேன்.

இன்னொன்றும் அதற்குள் இருக்கிறது, தெரிந்துகொள். போன கார்த்திகையில் நீ தூக்கம் வராமல் டாக்டரிடம் போய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாயே, அம்மாவிடம் போனில் தேம்பினாயே, அப்போது உனக்காகவும் ஜெபம் போட்டேன். என் தம்பி சகாய பிரவீன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, மனசு சரியில்லை என்று எல்லாம் தெளிவாகப் போட்டேன். இத்தனை பெண்கள் உன் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள், நீ தேறி வந்தாய். அதுவும் இப்போது உங்கள் சர்வரில்தான் இருக்கிறது. உன் முதலாளிகள் அதைப் படித்து உன்னைப் பற்றி என்ன முடிவு எழுதிவைத்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? எனக்கு இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நாளைக்கு நாங்கள் விழுப்புரம் போகிறோம். தொழிலாளர் அலுவலகத்தில் கலையரசி மனு கொடுத்திருக்கிறாள், விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய்வந்து மீதியை எழுதுகிறேன்.

புதன்கிழமை.

திங்களும் செவ்வாயும் உட்கார நேரம் இல்லை. விசாரணைக்குக் கலையரசியும் டயானாவும் நானும் போனோம். லீவு எதற்கு என்று உங்கள் ஆப்பில் கேட்டது, வயிற்றுவலி என்று போட்டேன். மறுபடியும் பொய். நல்ல பழக்கம் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் போன் என் பையிலேயே விழுப்புரம் வரை வந்தது. ஆபீஸ் வாசலில் நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. நேற்று வேலைக்குப் போனதும் சூப்பர்வைசர், விழுப்புரத்தில் நல்ல வெயிலா என்று கேட்டார்.

முதலில் நல்ல சேதி. கலையரசிக்கு மூன்றாம் மாதம் முடிகிறது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தாள், குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். மாமியாரிடமும் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் சந்தோஷத்தில் அழுதுவிட்டு, வேலை போனதைச் சொல்லி மறுபடியும் அழுதாராம். வேலையில் இருந்திருந்தால் பிரசவ லீவும் சம்பளமும் சட்டப்படி அவளுக்குச் சேர வேண்டியது. அதைக் கொடுக்க மனமில்லாமல்தான் முன்கூட்டியே துரத்திவிட்டார்கள். இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேங்கடேசனுக்கும் தெரியும்.

விசாரித்த அதிகாரி அம்மா பொறுமையாகக் கேட்டார். ஆனால் கம்பெனி வக்கீல் ஒரு பதிலை எழுதிக்கொண்டு வந்திருந்தார். தொழிலாளர்களின் மெசேஜை நாங்கள் படிப்பதில்லை, அந்த ஆப்பில் அப்படி ஒரு வசதியே கிடையாது, இந்தப் பெண் கர்ப்பம் என்பதே இந்த மனுவைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். இதுதான் பதில். வேங்கடேசன் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரகடம் கதையைச் சொன்னேன். உங்களுக்குள் பேசிக்கொண்டதை யாராவது கேட்டிருக்கலாம் என்று வக்கீல் தள்ளிவிட்டார். அப்படி ஒரு வசதி இருக்கிறது என்று அந்த ஆப்பைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது எழுத்தில் கொடுத்தால்தான் இது நிற்கும் என்று அந்த அம்மா சொன்னார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்.

வசதியே கிடையாது என்று அவர்கள் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டில், என் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அந்த வசதியை நான்தான் செய்கிறேன் என்று நீ சொன்னாய். என் காதால் கேட்டேன். அதை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ, உனக்குத் தெரியாமல் உன் பெயரை நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்தால் எனக்கும் உங்கள் மெஷினுக்கும் என்ன வித்தியாசம்?

உனக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்காமல் இல்லை. வேலை போகலாம். கேஸ்கூடப் போடுவார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது, தை மாதம் நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறோம். பெண் வீட்டார் என்ன சொல்வார்களோ தெரியாது. அம்மாவிடம் இதைப் பற்றி இன்னும் மூச்சுவிடவில்லை. உன் மாமா மட்டும், "அவன் வாழ்க்கையில நீ கை வெக்காத, அவனாச்சு அவன் மனசாச்சு" என்றார். அதனால்தான் நீ செய்தே ஆக வேண்டும் என்று நான் எழுதவில்லை. ஆனால் நீ செய்யாவிட்டால் எனக்கு மனசு ஆறாது, அதையும் மறைக்க மாட்டேன். கிறிஸ்துமசுக்கு நீ வந்தால் எப்போதும் போலச் சமைத்துப் போடுவேன். உன் முகத்தைப் பார்த்து எப்போதும் போலப் பேச முடியுமா என்று தெரியவில்லை.

விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது கலையரசி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கையை வைத்தபடி வந்தவள், முண்டியம்பாக்கம் தாண்டியதும் கேட்டாள். "அக்கா, உங்க தம்பி கம்ப்யூட்டர்லதான வேல செய்யறாரு? அவருக்கு இத பத்தித் தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க. ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்." எந்தக் கம்பெனி என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கேட்டுவிட்டேன் தம்பி.

பதிலைப் போனில் சொல்லாதே, அதில் தட்டியும் அனுப்பாதே. இல்லை என்றாலும் காகிதத்தில் எழுது. உன் நெற்றியில் நான் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள். எழுதப்போகிற உன் கையை ஆண்டவர் பிடித்துக்கொள்ளட்டும்.

உன் அன்பு அக்கா,
லூர்துசெல்வி